நழுவ விடாத ஆணிகள்

நான்கு அங்குல நீளம். கட்டைவிரல் தடிமன். உச்சியில் சப்பையாக ஒரு தலை. கூர்முனை கிடையாது, மரை கிடையாது. கையில் எடுத்தால் கால் கிலோ கனக்கும். கட்டுமான இடங்களில் இதை ‘ஸ்டட்’ என்கிறார்கள். எஃகு உத்திரத்தின் முதுகில் இதை நட்டு, சுற்றிலும் கான்கிரீட் போட்டு இறுகவிட்டால், பக்கவாட்டில் தள்ளும் விசையில் சுமார் 7 டன்னை இந்த ஒற்றை ஆணி தாங்கும் என்று நம்பிக் கணக்குப் போடலாம். உண்மையில் உடைவதற்கு இன்னும் அதிகம் தேவைப்படும். பெரிய அலுவலகங்கள், மருத்துவமனைகள், விமான நிலையங்கள் ஆகியவற்றின் தளங்களுக்குள் இந்த ஆணிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கான்கிரீட் விழுந்த நாளோடு அவை கண்ணிலிருந்து மறைந்துவிடும். ஆனால் தளத்தின் பலத்தில் ஏறக்குறைய பாதி அவற்றால்தான் வருகிறது.

அது எப்படி என்று பார்க்க, முதலில் இரண்டு பொருள்களின் குணத்தைத் தெரிந்துகொள்வோம். எம்30 என்ற சாதாரணத் தரக் கான்கிரீட்டில் ஒரு சதுர சென்டிமீட்டரை அமுக்கி நொறுக்க 300 கிலோ வேண்டும். அதையே இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால், அதில் பத்தில் ஒரு பங்கிலேயே விரிசல் விட்டுவிடும். எஃகு வேறு சாதி. ஒரு சதுர சென்டிமீட்டர் எஃகு 2,500 கிலோ வரை இழுவையைச் சளைக்காமல் தாங்கும். அமுக்கத்தையும் அதே அளவு தாங்கக்கூடியதுதான். ஆனால் விலை காரணமாக அதை மெல்லிய தகடுகளாகத்தான் பயன்படுத்துகிறோம். மெல்லிய தகடு அமுக்கத்தில் நொறுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் நெளிந்து ஒதுங்கிவிடும்.

இரண்டு முனைகளில் தாங்கப்பட்ட உத்திரத்தின்மேல் பாரம் ஏறினால் அது கீழ்நோக்கி வளைகிறது. மேல்பக்கம் அமுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. ஆகவே மேலே கான்கிரீட், கீழே எஃகு என்று வைத்தால் இரண்டுக்கும் பிடித்த வேலையே கிடைக்கும். வீட்டுக் கூரையில் கம்பி கட்டிக் கான்கிரீட் போடுவதும் இதே எண்ணத்தில்தான். இங்கே கம்பிக்குப் பதிலாக ஒரு முழு எஃகு உத்திரமே கீழே நிற்கிறது. இந்த ஜோடிக்குக் கூட்டு உத்திரம் என்று பெயர்.

இயற்கையும் இந்தக் கல்யாணத்துக்கு ஒத்துழைக்கிறது. 10 மீட்டர் நீள எஃகு 30 டிகிரி சூடேறினால் 3.6 மில்லிமீட்டர் நீளும். கான்கிரீட் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக அமைய எந்த அவசியமும் இல்லை. அலுமினியம் என்றால் 7 மில்லிமீட்டர் ஆகியிருக்கும். ஒவ்வொரு கோடையிலும் தளம் கிழிந்திருக்கும்.

ஆனால் உத்திரத்தின்மேல் கான்கிரீட்டை வைத்துவிட்டால் மட்டும் கூட்டு வந்துவிடாது. பழைய ஆங்கிலேயர் காலத்துக் கட்டடங்களில் இரும்புக் கர்டர்களை வரிசையாக வைத்து, இடையில் செங்கல் வளைவு கட்டி, மேலே சுண்ணாம்புக் காரை போட்டிருப்பார்கள். அங்கே பாரத்தைச் சுமப்பது கர்டர் மட்டும்தான். மேலே இருக்கும் காரை ஓசிச் சவாரி செய்கிறது. பக்கத்தில் இருப்பது வேறு, பங்கெடுப்பது வேறு.

வாய்க்காலைக் கடக்க ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு நடுவில் நின்று பாருங்கள். பலகைகள் வளையும். மேல்பலகையின் அடிப்பரப்பு நீளப் பார்க்கும்; அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் கீழ்ப்பலகையின் மேற்பரப்போ சுருங்கப் பார்க்கும். ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தும் இரண்டுக்கும் எதிரெதிர் ஆசை! விளைவு, இரண்டும் உரசி நழுவுகின்றன. நுனியில் குனிந்து பார்த்தால் இரண்டின் முனைகளும் ஒரு மயிரிழை விலகி நிற்பது தெரியும். இப்படித் தளர்வாகக் கிடக்கும் இரண்டு பலகைகளின் விறைப்பு, ஒரு பலகையைப்போல் இரண்டு மடங்கு. அவற்றையே பசை போட்டு, நழுவ முடியாமல் ஒட்டிவிட்டால் எட்டு மடங்கு. ஏனென்றால் விறைப்பு உயரத்தின் முப்படியாக ஏறும்: உயரம் இரட்டித்தால் இரண்டு, இரண்டு, இரண்டு என மும்முறை பெருக்க வேண்டும். மரம் ஒரு துண்டுகூடக் கூடவில்லை. நழுவலை நிறுத்தியதற்கே நான்கு மடங்கு லாபம்.

கட்டடத்தில் இதன் மதிப்பு என்ன? ஓர் அலுவலகத் தளத்தை எடுத்துக்கொள்வோம். தூணிலிருந்து தூணுக்கு 9 மீட்டர். உத்திரங்கள் 3 மீட்டர் இடைவெளியில். மேலே 13 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம். அதன் சொந்த எடை, தரை ஓடு, தடுப்புச் சுவர், சதுர மீட்டருக்கு 400 கிலோ என்ற கணக்கில் ஆட்களும் மேசை நாற்காலிகளும், இவற்றோடு வழக்கமான பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்கு. கான்கிரீட் ஓசிச் சவாரி செய்தால், நம் சந்தையில் கிடைக்கும் ஐ வடிவ உத்திரங்களில் அரை மீட்டர் உயரமும் மீட்டருக்கு 87 கிலோ எடையும் உள்ள ஐ.எஸ்.எம்.பி. 500 தேவைப்படும். கான்கிரீட்டையும் வேலைக்கு இழுத்தால் 35 சென்டிமீட்டர் உயரமுள்ள ஐ.எஸ்.எம்.பி. 350 போதும். அதன் எடை மீட்டருக்கு 52 கிலோ. ஓர் உத்திரத்தில் மட்டும் 300 கிலோவுக்கு மேல் எஃகு மிச்சம். உயரத்தில் 15 சென்டிமீட்டர் மிச்சம். இருபது மாடிக் கட்டடத்தில் இந்த 15 சென்டிமீட்டர்களைக் கூட்டினால் 3 மீட்டர் வருகிறது. அதாவது, இன்னொரு மாடி!

இந்தக் கணக்கின் உள்கூடு வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. அந்தச் சின்ன உத்திரத்தின் முழு எஃகும் இழுவையில் உழைத்தால் சுமார் 150 டன் தேறும். அதற்குச் சமமாக மேலே கான்கிரீட்டில் 150 டன் அமுக்கம். எதிரெதிராக இயங்கும் இந்த இரண்டு விசைகளுக்கும் நடுவே உள்ள செங்குத்துத் தூரம் 28 சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 42 டன்-மீட்டர். அதுதான் உத்திரத்தின் வளைவுத் திறன். நமக்குத் தேவை 38. உத்திரம் தனியாக நின்றிருந்தால் தன் மேல்பாதியை அமுக்கத்துக்கும் கீழ்ப்பாதியை இழுவைக்கும் பிரித்துக் கொடுத்து, வெறும் 20 டன்-மீட்டரோடு நின்றிருக்கும். விறைப்பிலோ லாபம் இன்னும் அதிகம். கூட்டு உத்திரம், தனி எஃகைப்போல் மூன்றரை மடங்கு விறைப்பானது.

இந்த லாபத்துக்கு ஒரு விலை உண்டு. உத்திரத்தின் நடுவிலிருந்து ஒவ்வொரு முனை வரைக்குமான நாலரை மீட்டரில், எஃகும் கான்கிரீட்டும் தொடும் அந்த ஒற்றைப் பரப்பின் வழியாக 150 டன் விசை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச் சேர வேண்டும். வழவழப்பான எஃகில் கான்கிரீட் ஒட்டிக்கொண்டிருக்கும் பிடிமானத்தை நம்ப முடியாது. ஒருமுறை விட்டால் மொத்தமாக விட்டுவிடும். அந்த 150 டன்னை ஆளுக்கு 7 டன் வீதம் பங்குபோட்டுக்கொள்ளத்தான் ஸ்டட்டுகள். பாதி நீளத்துக்கு 21, முழு நீளத்துக்கு 42 ஆணிகள். எல்லாம் சேர்ந்து 11 கிலோ. இந்த 11 கிலோவைக் கொடுத்துத்தான் 300 கிலோவை மிச்சம்பிடிக்கிறோம்.

ஆணியின் பிறப்பிடம் கட்டடம் இல்லை, கப்பல். எஃகும் கான்கிரீட்டும் சேர்ந்து உழைக்கின்றன என்பதை 1920களின் தொடக்கத்திலேயே கனடாவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். தீயிலிருந்து காப்பதற்காக உத்திரத்தைக் கான்கிரீட்டால் மூடியபோது, எதிர்பார்த்ததைவிடப் பலம் கூடியதைக் கண்டார்கள். அதன்பின் இரண்டையும் பிணைக்க வளைந்த கம்பிச் சுருள், எஃகுத் துண்டு என்று பலவற்றை உத்திரத்தின்மேல் வெல்டிங் செய்து பார்த்தார்கள். எல்லாம் நேரம் விழுங்கும் கைவேலை. இதற்கிடையே கலிபோர்னியாவின் மேர் தீவுக் கப்பல்கட்டும் தளத்தில் வேறொரு தலைவலி. போர்க்கப்பலின் எஃகுத் தளத்தின்மேல் மரப்பலகை பொருத்த வேண்டும். துளை போட்டு போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தால் கப்பல் எப்போது கடலுக்குப் போவது? அங்கே வேலை பார்த்த டெட் நெல்சன் என்பவர், 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில், துப்பாக்கி போன்ற ஒரு கருவியால் ஆணியைத் தளத்தின்மேல் நொடியில் வெல்டு செய்யும் முறையைக் கொண்டுவந்தார். போர் முடிந்தது, கருவி கரையேறியது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஐவன் வீஸ்ட் இந்த ஆணிகளைக் கான்கிரீட்டுக்குள் வைத்துச் சோதித்த முடிவுகளை 1956இல் வெளியிட்டார். பாலங்களும் கட்டடங்களும் அதைப் பற்றிக்கொண்டன.

அந்தத் துப்பாக்கி வேலை செய்வதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆணியின் அடிநுனியில் மிளகு அளவுக்குக் கொஞ்சம் அலுமினியம் வைத்திருக்கும். அடியைச் சுற்றி ஒரு பீங்கான் வளையம். பொத்தானை அழுத்தியதும் ஆணி ஒரு நூல் அளவு மேலே எழும்புகிறது. இடைவெளியில் மின்பொறி பாய்கிறது. மின்னோட்டம் 1,500 ஆம்பியரைத் தாண்டும். வீட்டில் ஒன்றரை டன் ஏசி இழுப்பது ஏழெட்டு ஆம்பியர்தான். ஆணியின் அடியும் உத்திரத்தின் முதுகும் ஒரே சமயத்தில் உருகுகின்றன. உடனே ஆணி அந்த உருகிய குட்டைக்குள் அமுங்குகிறது. வழியும் எஃகைப் பீங்கான் வளையம் தடுத்து, காலைச் சுற்றி ஒரு கழுத்துப்பட்டையாக உறைய வைக்கிறது. எல்லாம் ஒரு நொடிக்குள். நான்கு அங்குல ஆணி 5 மில்லிமீட்டர் குட்டையாகியிருக்கும். அந்த 5 மில்லிமீட்டர்தான் உருகி இணைப்பானது. பீங்கானைத் தட்டி உடைத்துவிட்டு அடுத்த ஆணிக்குப் போகலாம்.

இணைப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் முறை அதைவிட அழகு. மேற்பார்வையாளர் சின்னச் சுத்தியலால் ஆணியைத் தட்டுகிறார். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் சந்தேகம். சிலவற்றைப் பெரிய சுத்தியலால் அடித்துச் சாய்த்தும் பார்ப்பார்கள். 15 டிகிரி, சில நாட்டு விதிகளில் 30 டிகிரி வரை சாய்ந்தும் அடியில் விரிசல் இல்லை என்றால் தேர்வு. சாய்த்ததை நிமிர்த்துவதில்லை. சாய்ந்தபடியே கான்கிரீட்டுக்குள் போய் மற்றவற்றைப் போலவே வேலை செய்யும்.

தலை எதற்கு என்ற கேள்வி இங்கே வரும். பக்கவாட்டு விசையைத் தாங்க வெறும் தண்டு போதுமே! ஆனால் பாரம் ஏறும்போது கான்கிரீட் தளத்துக்கு உத்திரத்திலிருந்து மேலே பிரிந்து எழவும் ஒரு சின்ன ஆசை இருக்கிறது. ஆணி சாயச்சாய, தளம் அதன்மேல் ஏறப் பார்க்கும். தலை அதைப் பிடித்து அமர்த்துகிறது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 42 ஆணிகளும் சமமாக உழைப்பதில்லை. உத்திரத்தின் முனைகளில் நழுவல் ஆசை மிகுதி. நடுவில் ஏறக்குறைய பூச்சியம். ஆகவே முனையில் நிற்கும் ஆணிகளின்மேல் பாரம் குவியும்; நடுவில் நிற்பவை சும்மா இருக்கும். கணக்குப்படி பார்த்தால் முனைகளில் நெருக்கமாகவும் நடுவில் அரிதாகவும் நட வேண்டும். ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தார்கள். இன்று பெரும்பாலான கட்டடங்களில் சம இடைவெளிதான். காரணம் ஆணியின் பணிவு. அதன் காலடியில் உள்ள கான்கிரீட் கொஞ்சம் நொறுங்கும். தண்டு எஸ் போல வளையும். ஆனால் விசையைக் கைவிடாது. தன் எல்லையை எட்டிய முனை ஆணி அங்கேயே நின்று, மேற்கொண்டு வரும் பாரத்தைப் பக்கத்து ஆணிக்குத் தள்ளிவிடுகிறது. அது அடுத்ததற்கு. தளம் முறியும் நிலைக்கு வருவதற்குள் எல்லா ஆணிகளும் முழுமூச்சாக உழைத்துக்கொண்டிருக்கும். இந்தப் பணிவுக்கு ஐரோப்பிய விதிநூல் ஓர் அளவு வைத்திருக்கிறது: உடையாமல் 6 மில்லிமீட்டர் நழுவ முடிந்தால்தான் அந்த ஆணி நெகிழ்வானது என்று ஏற்றுக்கொள்ளப்படும்.

நழுவலைத் தடுக்க வந்த ஆணியைக் கொஞ்சம் நழுவத் தெரிந்ததாகவும் இருக்கச் சொல்வதுதான் இந்தத் துறையின் சூட்சுமம். அசையவே அசையாத முரட்டுத் துண்டுகளை வைத்தால் முனையில் இருப்பது முதலில் பட்டென்று உடையும். அந்தப் பாரம் அடுத்ததன்மேல் மொத்தமாக விழும். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் போகும். இதே நெகிழ்வு இன்னொரு சலுகையையும் தருகிறது. முழு 42 ஆணிகள் நடாமல் 30 நட்டாலும் தளம் பாழாகிவிடாது. 42 டன்-மீட்டரிலிருந்து கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். இதைப் பகுதி இணைப்பு என்கிறார்கள். தேவை 38 என்றால் அதற்கு ஏற்ற ஆணி மட்டும் நட்டால் போதும். எங்கே நிறுத்துவது என்பது வடிவமைப்பாளரின் கையில்.

ஆணிகள் நிற்கும் இடத்தில் இன்னொரு மௌனத் தொழிலாளி உண்டு. நெளிவு நெளிவாக மடித்த, துத்தநாகம் பூசிய எஃகுத் தகடு. ‘டெக் ஷீட்’ என்பார்கள். தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஒரு ரூபாய் நாணயத்தைவிட மெல்லியது. தட்டையாக இருந்தால் தன் பாரத்துக்கே தொய்யும் இந்தத் தகடு, 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மடிப்பு விழுந்ததும் 3 மீட்டர் இடைவெளியை முட்டுக்கொடுக்காமலே கடந்து, ஈரக் கான்கிரீட்டையும் அதைக் கொட்டும் ஆட்களையும் தாங்கிக்கொள்கிறது. நம்மூரில் வீட்டுக்குத் தளம் போடும்போது பலகை அடித்து, சவுக்குக் கம்பும் ஜாக்கியும் முட்டுக்கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்துதான் சென்ட்ரிங் பிரிக்கிறோம். இங்கே அந்தக் காட்டுக்கு வேலையே இல்லை. கீழ்மாடி முடியும்வரை மேல்மாடி காத்திருக்க வேண்டியதும் இல்லை. பல மாடிகளில் ஒரே வாரத்தில் கான்கிரீட் போடலாம்.

கான்கிரீட் இறுகியதும் தகடு வேறு வேடம் கட்டுகிறது. இனி அது தளத்தின் இழுவைக் கம்பி. ஆனால் அங்கேயும் அதே பழைய பிரச்சினை: வழுக்கும் தகடு கான்கிரீட்டை எப்படிப் பிடித்துக்கொள்ளும்? தகட்டின் சரிவுகளில் சின்னச் சின்னக் குழிவுகளும் மேடுகளும் அச்சடித்திருப்பதைக் கவனித்திருக்கலாம். அலங்காரம் என்று நினைத்திருக்கவும் கூடும். கான்கிரீட் அந்தக் குழிகளில் இறங்கிக் கடித்துக்கொள்கிறது. ஆணிகள் உத்திரத்துக்குச் செய்வதை இந்தப் புள்ளிகள் தகட்டுக்குச் செய்கின்றன. பெரும்பாலும் ஆணியையே தகட்டின் ஊடாக உருக்கி உத்திரத்தில் நடுகிறார்கள்; மூன்று பொருளும் ஒரே தையலில் சேர்ந்துவிடும். மழைநீர் தேங்கிய தகட்டின்மேல் மட்டும் இந்த வேலை நடக்காது.

கான்கிரீட் விழும் அந்தச் சில மணி நேரம்தான் உத்திரத்தின் வாழ்வில் சோதனைக் காலம். ஈரக் கான்கிரீட்டுக்குப் பலம் கிடையாது, பாரம் மட்டும் உண்டு. நம் 35 சென்டிமீட்டர் உத்திரம் தனியாளாக அதைச் சுமந்து நடுவில் 25 மில்லிமீட்டர் தொய்கிறது. மேற்பரப்பு மட்டமாக இருக்க வேண்டும் என்று கொத்தனார் பள்ளத்தை இன்னும் கான்கிரீட் போட்டு நிரப்புவார். பாரம் கூடும், உத்திரம் இன்னும் தொய்யும், இன்னும் கான்கிரீட். இதற்காக உத்திரத்தைத் தொழிற்சாலையிலேயே மேல்நோக்கி லேசாக வளைத்து அனுப்புகிறார்கள். கான்கிரீட் விழுந்ததும் அது மட்டமாகிவிடும். கொஞ்சம் குறைவாகவே வளைப்பது வழக்கம். எதிர்பார்த்த அளவு தொய்யாமல் கூன் விழுந்த தரையோடு மாட்டிக்கொள்வதைவிட அது மேல்.

இறுகியபின் வரும் பாரத்தைத்தான் இருவரும் சேர்ந்து சுமக்கிறார்கள். ஆட்களும் மேசைகளும் வந்தால் தளம் மேற்கொண்டு 10 மில்லிமீட்டர்தான் இறங்கும். ஆனால் ஈரக் கான்கிரீட்டைத் தனியே சுமந்த தழும்பு எஃகுக்குள் தங்கிவிடுகிறது. இங்கே ஒரு புதிர். முட்டுக்கொடுத்துக் கட்டிய உத்திரம், முட்டில்லாமல் கட்டிய உத்திரம், இரண்டையும் முறியும் வரை பாரம் ஏற்றிப் பார்த்தால் இரண்டும் ஒரே பாரத்தில்தான் முறியும்! எஃகு முழுவதும் இளகி எல்லையை எட்டும்போது பழைய தழும்பெல்லாம் அழிந்து, கடைசியில் அதே 150 டன்னும் அதே 28 சென்டிமீட்டரும்தான் மிஞ்சுகின்றன.

கட்டி முடித்தபின்னும் கான்கிரீட் சும்மா இருப்பதில்லை. உலரஉலர அது சுருங்குகிறது. அடியில் இருக்கும் எஃகு சுருங்குவதில்லை. மேலே சுருங்கி கீழே சுருங்காவிட்டால், ஒரு கிலோ பாரம்கூட ஏறாமலே உத்திரம் தொய்யும். நிரந்தரமான பாரத்தின்கீழ் கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் மெல்ல விட்டுக்கொடுத்துக்கொண்டும் போகும். உடனடிப் பாரத்துக்கு எஃகு அதைவிட 7 மடங்கு விறைப்பு என்றால், நீண்டகாலப் பாரத்துக்கு 15 மடங்கு என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். இத்தகைய கணக்குகளுக்கு நம் நாட்டில் வழிகாட்டுவது, கூட்டு அமைப்புகளுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 11384. 1985இல் முதலில் வந்தது, 2022இல் திருத்தப்பட்டது.

பலமும் விறைப்பும் சரியாக இருந்தும் ஆட்கள் முகம் சுளிக்கும் தளங்கள் உண்டு. மனிதர் நடக்கும்போது நொடிக்கு இரண்டு அடி வைக்கிறார். தளம் தன் இயல்பில் நொடிக்கு நாலுக்கும் குறைவாக அதிர்ந்தால், காலடியும் அதிர்வும் ஒத்திசைந்து, பக்கத்து மேசையில் காபி நடுங்கும். நம் தளம் நொடிக்கு ஐந்தைச் சற்றே தாண்டுகிறது, பரவாயில்லை. எஃகைக் குறைத்துக்கொண்டே போகும் வடிவமைப்பாளரைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துவது முறிவு அல்ல, இந்த நடுக்கம்தான்.

எஃகுக் கட்டடம் என்றதும் எல்லோரும் கேட்கும் கேள்வி தீ. கேட்க வேண்டியதுதான். 600 டிகிரியில் எஃகு தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடும். 1,000 டிகிரியில் நூற்றில் நான்கு பங்குதான் மிஞ்சும். 1990 ஜூன் 23 இரவு, லண்டனின் பிராட்கேட் பகுதியில் கட்டிக்கொண்டிருந்த 14 மாடிக் கட்டடத்துக்குள் தீப்பிடித்தது. தண்ணீர்த் தெளிப்பான்கள் இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. எஃகுக்குத் தீக்காப்புப் பூச்சும் முடியவில்லை. நாலரை மணி நேரம் எரிந்தது. அதில் இரண்டு மணி நேரம் 1,000 டிகிரிக்கு மேல். பொறியாளர்கள் பின்னர் உள்ளே போய்ப் பார்த்தார்கள். உத்திரங்கள் சில இடங்களில் 60 சென்டிமீட்டர் தொய்ந்திருந்தன; சில தூண்கள் குறுகியிருந்தன. எதுவும் விழவில்லை. மொத்த இழப்பு 2.5 கோடி பவுண்டுக்கு மேல். அதில் எஃகுச் சட்டத்தையும் தளங்களையும் சரிசெய்ய ஆனது 20 லட்சத்துக்கும் குறைவு.

கணக்குப்படி விழுந்திருக்க வேண்டியது ஏன் விழவில்லை? விடை தேட ஒரு முழுக் கட்டடத்தையே கட்டினார்கள். இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள கார்டிங்டன், ஆர்101 வான்கப்பல் கட்டப்பட்ட ஊர். அங்கே மிச்சமிருந்த பிரம்மாண்டமான வான்கப்பல் கொட்டகைக்குள் எட்டு மாடி, 33 மீட்டர் உயர எஃகுக் கட்டடம் எழுந்தது. ஆட்களுக்குப் பதில் மணல் மூட்டைகள். 1995லும் 1996லும் வெவ்வேறு மாடிகளில் தீ வைத்தார்கள். ஒரு சோதனையில் உண்மையான அலுவலக மேசை நாற்காலிகளையே அடுக்கி எரித்தார்கள். உத்திரங்கள் 9 மீட்டர், இடைவெளி 3 மீட்டர், தளம் 13 சென்டிமீட்டர். மேலே நாம் கணக்குப் போட்ட அளவுகளை அங்கிருந்துதான் எடுத்தேன்.

பூச்சில்லாத உத்திரங்கள் 1,000 டிகிரியைத் தாண்டின. தளம் அரை மீட்டருக்கு மேல் தொய்ந்தது. நின்றது. எஃகு கைவிட்டபோது கான்கிரீட் தளம் புதிய வழியில் பாரத்தைச் சுமக்கத் தொடங்கியிருந்தது. தொய்ந்த தளத்தின் நடுப்பகுதி தொட்டில் துணிபோல் இழுவையில் தொங்குகிறது. அந்த இழுவையைத் தாங்குவது கான்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பி வலை. அந்த இழுவைக்கு எதிராகத் தளத்தின் ஓரங்கள் தாமே ஓர் அமுக்க வளையமாக மாறி முறுக்கிக்கொள்கின்றன. இதைச் சவ்வுச் செயல் என்கிறார்கள். கார்டிங்டனில் அந்த வலை வெறும் 6 மில்லிமீட்டர் கம்பி, 20 சென்டிமீட்டருக்கு ஒன்று. விரிசல் விழாமல் இருக்கட்டும் என்று போட்ட கம்பி அது. தீயில் தொட்டில் கட்டும் வேலையை யாரும் அதற்குச் சொல்லியிருக்கவில்லை.

இதன் பயனாக, கட்டடவியல் ஆய்வாளர் காலின் பெய்லியும் உடனிருந்தவர்களும் ஒரு கணக்கு முறையை உருவாக்கினார்கள். சில வகைக் கட்டடங்களில் இடையே உள்ள சிறு உத்திரங்களுக்குத் தீக்காப்புப் பூச்சு இல்லாமலே விடலாம் என்பது அதன் முடிவு. தூண்களுக்கும் ஓர உத்திரங்களுக்கும் பூச்சு கட்டாயம். இதைப் படித்துவிட்டு எல்லா எஃகுக் கட்டடமும் தீக்கு அஞ்சாது என்று கிளம்பிவிட வேண்டாம். அதே கார்டிங்டனில், தீ அணைந்து உத்திரங்கள் குளிர்ந்து சுருங்கும்போது சில இணைப்புகள் கிழிந்தன. எரியும்போது பிழைத்தது ஆறும்போது அறுந்தது.

இவ்வளவு இறுக்கமான உறவுக்கு ஒரு குறை உண்டு: விவாகரத்து முடியாது. ஆணியை உருக்கி நட்டுக் கான்கிரீட்டையும் போட்டுவிட்டால், கட்டடம் தேவையற்றுப்போகும் நாளில் உத்திரத்தை முழுசாகக் கழற்றி இன்னொரு கட்டடத்தில் வைக்க வழியில்லை. தளத்தை உடைத்து, எஃகை அறுத்து, உலைக்குத்தான் அனுப்ப வேண்டும். எஃகு உருகி மீண்டும் எஃகாகும், சரி; ஆனால் உருக்குவதற்கு ஆகும் நெருப்பு கொஞ்சமா? அதனால் ஆணிக்குப் பதிலாகக் கழற்றக்கூடிய போல்ட்டுகளை வைத்து ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சோதனைகள் நடந்திருக்கின்றன. துளைக்கும் போல்ட்டுக்கும் இடையே உள்ள சின்ன இடைவெளி நழுவலுக்கு இடம் கொடுத்துவிடுகிறது என்பதுதான் அங்கே சிக்கல். துப்பாக்கி ஆணியின் வேகமும் போல்ட்டுக்கு இல்லை. முப்பது நாற்பது ஆண்டில் இடிபடப்போகும் வாடகை அலுவலகங்களுக்கு அந்தச் சிரமத்தைப் பட்டாவது போல்ட்டுக்கு மாறுவது நல்லது என்பேன். தலைமுறை தாண்டி நிற்கப்போகும் மருத்துவமனைக்கு உருக்கி நட்ட ஸ்டட்டைவிட மேலான ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.